ரெட் டாட்டா, லேசரா? புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி

டெக்சாஸில் என் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஓர் உள்ளரங்கச் சுடுதளம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது காலையில் போய்விடுவேன். போன வருடம் என்னோடு வந்த ஓர் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அமெரிக்கா வந்து கால் நூற்றாண்டு கழித்து முதல் பிஸ்டல் வாங்கியிருந்தார். ஏழு கெஜத்தில் தொங்கிய தாளைப் பார்த்துப் பத்துத் தோட்டா சுட்டார். இரண்டு தாளிலேயே படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, முன்னாடி இருக்கிற குறியைப் பார்த்தா தாள் மங்குது, தாளைப் பார்த்தா குறி மங்குது. கடைக்காரர் லேசர் போடச் சொல்றார். யூடியூப்ல எல்லாரும் ரெட் டாட்ங்கிறாங்க. எதைப் போடறது?"

அவர் கண்ணில் புதிதாக எந்தக் கோளாறும் இல்லை. வெள்ளெழுத்துதான். பிஸ்டலின் மேல் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு மேடு இருக்கும். பள்ளத்தின் நடுவில் மேட்டை நிறுத்தி, மேட்டின் உச்சியில் இலக்கை வைக்க வேண்டும். பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று பொருள்கள் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். அதனால்தான் பயிற்றுநர்கள் தலைமுறை தலைமுறையாக "முன்குறியைப் பார், இலக்கு மங்கட்டும்" என்று சொல்லிவந்தார்கள். நாற்பதைத் தாண்டியவருக்குக் கைநீட்டும் தூரத்தில் இருக்கும் முன்குறியே பிசிறடிக்கும். அதோடு, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஆறு அங்குலம், அதாவது சுமார் 150 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 10 மீட்டரில் தோட்டா 67 மில்லிமீட்டர் தள்ளிப் போகும்.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு விடைகள் கடையில் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதால் ஒரே சாதனத்தின் இரண்டு வடிவம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரெட் டாட் என்பது துப்பாக்கியின் மேல் பொருத்தும் சின்னக் கண்ணாடி, அதன் வழியே பார்த்தால் ஒரு புள்ளி தெரியும். லேசர் ஓர் ஒளிக்கதிரை முன்னால் பாய்ச்சும் விளக்கு. ரெட் டாட்டின் புள்ளி உங்கள் கண்ணுக்குள் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது, சுவரிலும் விழாது. லேசரின் புள்ளி நிஜமாகவே சுவரில் விழுகிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் அது அங்கேயே இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமே அதிலிருந்து வந்துவிடும்.

ரெட் டாட்டின் யோசனை மின்சார விளக்கு பரவலாவதற்கும் முந்தியது. டப்ளினில் தொலைநோக்கி செய்துவந்த ஹோவர்ட் க்ரப் 1900-இல் இதை வடிவமைத்தார். (கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்கு 1912-இல் வந்த 20 அங்குல பாவ்நகர் தொலைநோக்கியும் க்ரப் பட்டறையில் செய்ததுதான். அங்கே போனவர்கள் அந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம்.) குழிந்த கண்ணாடியின் குவியத்தில் ஒளிரும் குறியை வைத்தால், பட்டுத் திரும்பும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வரும். இணையாக வரும் கதிரைக் கண் வெகுதூரத்துப் பொருளாகத்தான் எடுத்துக்கொள்ளும். நட்சத்திரத்தைப் பார்ப்பது போலத்தான். ஆகவே உள்ளங்கை தூரத்தில் இருக்கும் குறி, தொலைவில் இருக்கும் இலக்கின் மேலேயே ஒட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் விமானிக்கு முன்னால் சாய்ந்து நின்ற கண்ணாடித் தகடு இந்தத் தத்துவம்தான்.

அதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவரச் சின்னதாக, அதிகம் மின்சாரம் குடிக்காத ஒரு விளக்கு வேண்டியிருந்தது. எல்.இ.டி. வந்ததும் அந்தத் தடை போயிற்று. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் முதல் மின்னணு ரெட் டாட்டை விற்பனைக்கு விட்டது. அது வேட்டைத் துப்பாக்கிகளுக்கானது. கைத்துப்பாக்கியில் முதலில் பிடித்துக்கொண்டவர்கள் போட்டியாளர்கள். 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த கைத்துப்பாக்கி உலகப் போட்டியில் அமெரிக்க வீரர் டக் கோனிக் ரெட் டாட்டோடு வென்ற பிறகு, வேகப் போட்டிகளில் அது சாதாரணமாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்துச் சாதனம் ஒரு சின்ன டார்ச் அளவு இருந்தது, இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. பிஸ்டலின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு மேலேயே உட்காரும் அளவுக்குச் சுருங்கி, ஒவ்வொரு சுடுதலிலும் முன்னும் பின்னும் அடிபடும் அதிர்ச்சியையும் தாங்குவதற்கு இன்னும் இருபது வருடம் ஆனது. டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்.எம்.ஆர். என்ற சின்ன ரெட் டாட் 2009-இல் வந்தது. 2015-இல் க்ளாக் நிறுவனம் ஸ்லைடில் அதற்கான இடத்தைத் தொழிற்சாலையிலேயே வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. 2017-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17 பிஸ்டலிலும் ரெட் டாட் பொருத்த வசதி இருந்தது. அதன்பிறகு விவாதம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

லேசரின் கதை 1960-இல் கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை எரியவிட்டதில் தொடங்குகிறது. துப்பாக்கியில் முதலில் பொருத்தியவை ஹீலியம்-நியான் வாயுக் குழாய்கள். அவற்றை எரிய வைக்க உயர் மின்னழுத்தம் வேண்டும். சாதனம் பிஸ்டலின் தலையில் குழல் விளக்கைக் கட்டிவைத்தது போல இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு டயோடுகள் மலிவானதும் அது விரல் நுனி அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1994-இல் ஆரிகனில் தொடங்கிய கிரிம்சன் டிரேஸ் நிறுவனம் லேசரைப் பிடிக்குள்ளேயே வைத்தது. பிடியை இறுக்கினால் எரியும், விட்டால் அணையும். தனியாகச் சுவிட்ச் தேட வேண்டாம். அருமையான யோசனை என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். ரெட் டாட் உங்கள் கண்ணையும் துப்பாக்கியையும் ஒரு கோட்டில் வரச் சொல்கிறது. கோட்டில் வந்தால் புள்ளி தெரியும், வராவிட்டால் வெறும் கண்ணாடி மட்டும் தெரியும். புதிதாகப் பொருத்தியவர் முதல் நாள் படும் பாடு இதுதான். துப்பாக்கியை முகத்துக்கு முன்னால் உயர்த்துவார், புள்ளி இருக்காது. மணிக்கட்டை ஆட்டி ஆட்டித் தேடுவார். வலை வீசி மீன் தேடுவது போல இருக்கும். அந்த நேரத்தில் "சாதனம் சரியில்லை" என்று தோன்றும். உண்மையில் பிடி சரியில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. முன்குறி பின்குறியில் இதே பிசகு இருந்தாலும் உத்தேசமாக ஏதோ தெரியும், நாமும் சமாளித்துக்கொள்வோம். ரெட் டாட் அந்தச் சலுகையைத் தருவதில்லை. தோட்டாவே இல்லாமல் வீட்டில் இரண்டு மூன்று வாரம் தினமும் பத்து நிமிடம் உயர்த்திப் பழகினால், கண் பார்த்த இடத்துக்குப் புள்ளி தானாக வந்து நிற்கும்.

அந்தப் பழக்கம் வந்தபிறகு கிடைக்கும் லாபம் பெரிது. கண் இலக்கிலேயே இருக்கலாம், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். காவல் துறைகள் இதை விரும்புவதற்கு ஒரு காரணம், எதிரில் இருப்பவரின் கை மங்காமல் தெரியும் என்பது. அந்தக் கையில் இருப்பது கைபேசியா ஆயுதமா என்று தெரிவதில் ஓர் உயிர் இருக்கிறது. முன்குறியை மட்டும் கூர்மையாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அந்தக் கை மங்கல்.

இதைப் பழக ஒரு வழி இருக்கிறது. ரெட் டாட் கண்ணாடியின் முன்பக்கம், அதாவது இலக்கைப் பார்த்த பக்கம், ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து இலக்கையே பாருங்கள். ஒரு கண்ணுக்குப் புள்ளி மட்டும் தெரியும், இன்னொரு கண்ணுக்கு இலக்கு மட்டும் தெரியும். மூளை இரண்டையும் சேர்த்துவைத்துவிடும். நீங்கள் புள்ளியை வெறித்துப் பார்க்க ஆரம்பித்த அந்த நொடியே டேப்தான் தெரியும், இலக்கு காணாமல் போகும். சிலருக்கு இப்படிச் செய்யும்போது குறி கொஞ்சம் விலகும், அதனால் இது பயிற்சிக்கு மட்டும்தான். இதே தத்துவத்தில் முன்பக்கம் மூடியே செய்யப்பட்ட ஒரு குறிக் கருவி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1981-இல் அதை அமெரிக்காவில் இறக்குமதி செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம்தான் பின்னால் டிரிஜிகான் ஆனது.

இனி ஒரு முக்கியமான விஷயம். கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததற்கான எண்) என்று ஒரு எண் இருந்தால், ரெட் டாட்டை இணையத்தில் வாங்காதீர்கள், கடைக்குப் போய்ப் பாருங்கள். எனக்கு வலக்கண்ணில் சிலிண்டர் பவர் உண்டு. முதன்முதலில் பார்த்தபோது புள்ளியே இல்லை. வால் முளைத்த காற்புள்ளி ஒன்று சாய்வாகத் தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் திராட்சைக் கொத்து. சாதனம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கைபேசியின் கேமராவை அதே இடத்தில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தால் அழகான வட்டம். கோளாறு என் கண்ணில் இருந்தது. வெளிச்சத்தை இரண்டு படி குறைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது முக்கால்வாசி சரியாயிற்று. கேமரா சோதனை எல்லோருக்கும் சொல்ல வேண்டிய ஒன்று. துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அலகில் சொல்வார்கள், அது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். அப்படியானால் 6 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் சுமார் 44 மில்லிமீட்டரையும், 3 எம்.ஓ.ஏ. அதில் பாதியையும் மறைக்கும். கைத்துப்பாக்கி தூரங்களுக்குப் பெரிய புள்ளி ஒரு குறையே இல்லை, வேகமாகக் கண்ணில் படும். துல்லியத்துக்காகச் சின்னப் புள்ளி வாங்கி, அது சரியாகத் தெரியாமல் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிச் சிதறடிப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

மின்கலத்தைப் பற்றிய பயம் பழைய காலத்தது. சி.ஆர். 2032 என்ற பொத்தான் மின்கலத்தில் 50,000 மணி நேரம் ஓடும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளில் மாற்றிவிட்டால் கவலையில்லை. மழைநீர், பஞ்சு, தூசி வேறு கதை. திறந்த வடிவ ரெட் டாட்டில் எல்.இ.டி.க்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிக்காற்றுதான் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் உட்கார்ந்தால் புள்ளி சிதறும், பஞ்சு அடைத்தால் மறையும். 2019-இல் எய்ம்பாயின்ட் அக்ரோ என்ற மூடிய பெட்டி வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒளி போகும் பாதை முழுக்க உள்ளே அடைபட்டிருக்கும். மற்றவர்களும் அதே வழியில் வந்துவிட்டார்கள். சட்டைக்குள் வியர்வையோடு வைத்திருப்பவருக்கு மூடிய வடிவம்தான் என் பரிந்துரை. கொஞ்சம் பருமன், கொஞ்சம் விலை கூடுதல், பரவாயில்லை.

தானாக வெளிச்சம் மாற்றிக்கொள்ளும் வசதியைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அது நீங்கள் நிற்கும் இடத்து வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. இருட்டு அறைக்குள் நின்று வெயிலடிக்கும் முற்றத்தைப் பார்த்தால், அறைக்கு ஏற்றபடி மங்கிய புள்ளி முற்றத்து வெளிச்சத்தில் கரைந்துவிடும். கையால் மாற்றும் வசதியும் இருப்பதை வாங்குங்கள்.

லேசருக்கு வருவோம். கண்ணும் துப்பாக்கியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அதன் முழு வலிமை. கீழே விழுந்து கிடக்கிறீர்கள், ஒரு கை அடிபட்டுவிட்டது, யாரோ நெருங்கி வந்துவிட்டதால் கையை நீட்ட முடியவில்லை. அந்த நிலையில் துப்பாக்கியை முகத்துக்கு உயர்த்த முடியாது. இடுப்பருகே பிடித்திருந்தாலும் எங்கே பார்க்கிறது என்று லேசர் சொல்லும். ஐந்து தோட்டாச் சின்ன ரிவால்வர் வைத்திருப்பவருக்கும் இதுதான் பொருத்தம். அதில் ரெட் டாட் பொருத்த இடமும் குறைவு, முன்குறியும் ஒரு குச்சி போலத்தான் இருக்கும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்குப் பிடி லேசரைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் வெயில் அதன் எதிரி. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் இந்த வகை லேசருக்கு உச்சவரம்பு 5 மில்லிவாட். டெக்சாஸின் மதிய வெயிலில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பத்துப் பதினைந்து கெஜத்துக்கு அப்பால் கண்கள் துழாவ வேண்டும். பச்சை இதில் நிச்சயமாக மேல். பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பச்சையைத்தான். ஒரே வலிமையில் எரிந்தாலும் 532 நானோமீட்டர் பச்சை, 650 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். 635 சிவப்போடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. பழைய பச்சை லேசர்கள் அகச்சிவப்பை எடுத்துப் படிகங்களின் வழியே பச்சையாக மாற்றின. குளிரில் அவை சோர்ந்துபோகும், மின்கலத்தையும் சீக்கிரம் தீர்த்துவிடும். 520 நானோமீட்டரில் நேரடியாகப் பச்சை தரும் டயோடு வந்தபின் குளிர்ப் பிரச்சினை பெரிதும் போய்விட்டது. ஆனாலும் எரியும் நேரம் மணிக்கணக்கில்தான், ரெட் டாட் போல வருடக்கணக்கில் இல்லை.

இன்னொன்று, லேசர் குழலிலிருந்து தள்ளி நிற்கிறது. குழலுக்கு ஒன்றரை அங்குலம் கீழே பொருத்தி, பத்து கெஜத்தில் புள்ளியும் தோட்டாவும் சந்திக்கும்படி சரிசெய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கெஜத்தில் தோட்டா புள்ளிக்கு முக்கால் அங்குலம் மேலே படும். இருபது கெஜத்தில் ஒன்றரை அங்குலம் கீழே. ரெட் டாட்டும் குழலுக்கு ஓர் அங்குலம் போல மேலேதான் இருக்கிறது, அதற்கும் இந்தக் கணக்கு உண்டு. கிட்டத்துச் சுடுதலில் இதெல்லாம் பெரிய பிசகு இல்லை என்றாலும், தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எனக்கு லேசரில் உண்மையான கவலை வேறு. அது "பயிற்சி வேண்டாம்" என்று ஆசை காட்டுகிறது. சுவரில் புள்ளி நடுங்கும். எல்லோருடைய கையும் நடுங்கும், முன்குறியில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை, லேசரில் பளிச்சென்று தெரிகிறது. புதியவர் புள்ளி நடுவைக் கடக்கும் நொடிக்காகக் காத்திருந்து விசையை வெடுக்கென்று இழுப்பார். அந்த இழுப்பிலேயே குழல் கீழே போய்விடும். இருட்டில் சுவர் எங்கும் கண்ணால் புள்ளியைத் தேடும் பழக்கமும் வந்துவிடும். அப்புறம், சிவப்புப் புள்ளியைக் கண்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்காக வாங்காதீர்கள், தயவுசெய்து. நியாயமான காரணம் இல்லாமல் ஒருவர் மீது துப்பாக்கியை நீட்டுவதே கடுமையான குற்றமாகலாம். வீட்டில் கண்ணாடி, தொலைக்காட்சித் திரை, குழந்தைகள் எல்லாம் இருக்கின்றன. லேசர் கதிர் பட்டுத் திரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே நடுங்கும் புள்ளி பயிற்சியில் பொன். காலித் துப்பாக்கி, தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும், எதிரே உறுதியான வெளிச்சுவர். புள்ளியைச் சுவரில் வைத்து விசையை மெதுவாக அழுத்துங்கள். "க்ளிக்" கேட்கும் நொடியில் புள்ளி எந்தப் பக்கம் துள்ளுகிறதோ அதுதான் உங்கள் விரல் செய்யும் தவறு. எந்தப் பயிற்றுநரும் இவ்வளவு தெளிவாக அதைக் காட்ட முடியாது.

அண்ணனுக்கு நான் சொன்னது இந்த வரிசையில்தான். அவருடையது முழு அளவு பிஸ்டல், வீட்டிலேயே இருக்கும், கண்ணில் வெள்ளெழுத்து. ஆகவே ரெட் டாட், மூடிய வடிவம், 6 எம்.ஓ.ஏ. பழைய முன்குறி பின்குறியைக் கழற்ற வேண்டாம், ரெட் டாட்டின் கண்ணாடி வழியே தெரியும் அளவுக்கு உயரமானதாக மாற்றிக்கொண்டால் சாதனம் அணைந்தாலும் கைகொடுக்கும். என் பழைய லேசர் ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒரு மாதம் கடனாகக் கொடுத்தேன். முதல் இரவே கூப்பிட்டார். "தம்பி, ஒவ்வொரு தடவையும் புள்ளி கீழே இடது பக்கம் ஓடுது!" வலக்கைக்காரர்கள் பலர் செய்யும் அதே தவறு. கண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் விரலைப் பார்த்தார்.

கடையில் பொருத்தியபோது ஒரு சின்னக் கசப்பும் நடந்தது. இரண்டாம் வாரம் தோட்டாக்கள் வலதுபுறமாக நகர ஆரம்பித்தன. புள்ளியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார், மறுநாளும் நகர்ந்தது. பார்த்தால் திருகாணி தளர்ந்திருந்தது. ஸ்லைடு ஒவ்வொரு முறையும் உதைக்கும் உதையில், பசை போடாமல் கையால் முறுக்கிய திருகாணி தாங்காது. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குவதும், ஒரு சொட்டுத் திருகாணிப் பசையும், சரியான அடித்தகடும் விலைச்சீட்டில் தெரியாத விஷயங்கள். ரெட் டாட் கெட்டுப்போனது என்று திரும்பி வருபவற்றில் எத்தனையோ இந்தத் திருகாணிதான் என்பது என் அனுபவம்.

புதிதாக முறுக்கிப் பசை காய்ந்ததும், அண்ணி தன் நகப்பூச்சை எடுத்து வந்து திருகாணித் தலையிலிருந்து சாதனத்தின் உடம்புவரை ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இழுத்துக் கொடுத்தார். திருகாணி அசைந்தால் கோடு உடைந்து தெரியும். போன சனிக்கிழமை பதினைந்து கெஜத்தில் பத்தும் தாளில் இருந்தன. காலி செய்து, பூட்டுப் பெட்டியில் வைப்பதற்கு முன் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கோட்டைக் கிட்ட வைத்துப் பார்த்தார்.